மூன்று ஏக்கர் தேயிலை யாருக்குப் போகும்? உயிலும் வாரிசுரிமையும், தொடக்கத்திலிருந்து

கோத்தகிரிப் பக்கம் சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவர், உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அம்மா இருக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். தோட்டம் யாருக்கு? ஊரில் யாரைக் கேட்டாலும் "பையன்களுக்குத்தான், அம்மா இருக்கிறவரை பார்த்துக்குவாங்க" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரின் மதத்தைப் பொறுத்து மூன்று வேறு பதில்களைச் சொல்கிறது.

மூன்று ஏக்கர் என்றால் 300 சென்ட். அவர் இந்துவாக இருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, இரண்டு மகன்கள், மகள் ஆகிய ஐந்து பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 60 சென்ட். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் ஆகாததும் இதில் கணக்கே இல்லை. அப்பா உயிரோடு இருந்தாலும் அவர் இரண்டாம் வகுப்புதான். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குப் பங்கு கிடையாது.

அவர் கிறிஸ்தவராக இருந்தால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 சென்ட். மீதி 200 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 66 சென்ட்டும் கொஞ்சமும். பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அதே வீட்டில் இருக்கும் அதே வயதான அம்மாவுக்கு ஒரு சட்டம் 60 சென்ட் தருகிறது, இன்னொன்று ஒன்றும் தருவதில்லை.

முஸ்லிமாக இருந்தால் ஷரியத் கணக்கு. அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 50 சென்ட். மனைவிக்கு எட்டில் ஒன்று, 37.5 சென்ட். மீதி 212.5 சென்ட்டை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தால், மகன்களுக்கு ஆளுக்கு 85, மகளுக்கு 42.5.

இந்துக் குடும்பத்தின் கணக்கை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்க்க வேண்டும், வம்பு அங்கேதான் இருக்கிறது. அம்மாவுக்கு வந்த 60 சென்ட்டை யாரும் பிரித்து அளப்பதில்லை. "அம்மா பங்குதானே, எங்ககிட்டதானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அந்த அம்மாவும் உயில் இல்லாமல் இறந்துபோகிறார். அவருக்கு இறந்துபோன இந்த மகனோடு சேர்த்து மூன்று பிள்ளைகள் என்றால், அந்த 60 சென்ட்டும் மூன்றாகப் பிரியும். 20 சென்ட் சித்தப்பாவுக்கு, 20 சென்ட் அத்தைக்கு, 20 சென்ட் இறந்துபோன மகனின் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து. மருமகளுக்கு அதில் எதுவும் இல்லை. ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய தோட்டத்தில் 40 சென்ட் இப்படி அவருடைய உடன்பிறப்புகளுக்குப் போய்விடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, சட்டம் அதன் வழியில் நடந்திருக்கிறது. இதைத் தடுக்க ஒரு தாள் போதும். அந்தத் தாளுக்குப் பெயர் உயில்.

அதை எழுதும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். என் குடும்பத்துக்கு எந்தச் சட்டம்? என் நிலம் எந்த வகை? சமவெளியில் இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீலகிரியில் அதைக் கேட்காமல் எழுதிய உயில், அரசு முத்திரை இருந்தாலும் வெறும் காகிதமாகிவிடலாம்.

எந்தச் சட்டம்?

மதத்தோடு சமூகத்தையும் பார்க்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை, அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அவர்களுக்கு அந்தச் சமூகத்தின் வழக்கமே சட்டம். வழக்கம் என்ன என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். அதனால் இந்தக் குடும்பங்களில் பெண்களின் பங்கு பற்றிய பேச்சு வந்தால், யாரோ சொன்ன வாய்மொழியை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாமல் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். படுகர்கள் பட்டியல் பழங்குடியில் இல்லை. இந்துவாக இருக்கும் படுகர் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்த தோட்டத்தில், மகள் பிறகு பங்கு கேட்டால், "எங்கள் ஊர் வழக்கம்" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சட்டம் பேசும் விஷயங்களில் பழைய வழக்கத்தை ஒதுக்கிவிடுகிறது.

அடுத்து, "பூர்வீகச் சொத்து" என்ற சொல். மலையில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் சொல் இதுதான். அப்பா இறந்த பிறகு, 1956 சட்டத்தின்படி மகனுக்கு வந்த பங்கு அந்த மகனின் தனிச் சொத்து. அதில் பேரனுக்குப் பிறப்பால் உரிமை கிடையாது. தாத்தா சொத்து என்பதால் மட்டும் பேரன் வந்து வழிமறிக்க முடியாது. மகன் அதை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இதற்கு மாறாக, 1956க்கு முன்பே குடும்பத்துக்கு வந்து, பிரிக்கப்படாமல் கூட்டுக் குடும்பச் சொத்தாகவே தொடர்வதில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு. அந்த உரிமை மகள்களுக்கும் உண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அதுவரை மணமாகாத மகள்களுக்கு அதைக் கொடுத்தது. மத்திய அரசு 2005 செப்டம்பர் 9இல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையை இது கலைக்காது. கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவர் உயில் எழுதலாம், ஆனால் தன் பங்கின் அளவுக்கு மட்டுமே. முழுத் தோட்டத்தையும் எழுதிவைத்தால் அவருடைய பங்குக்கு மேல் செல்லாது.

பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பிள்ளை இல்லாத இந்துப் பெண், கணவரும் இறந்த பிறகு உயில் எழுதாமல் இறந்தால், அவர் தன் சம்பளத்தில் வாங்கிய வீடுகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற அம்மா அதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறார். அப்பா, அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளிடம் திரும்பும். ஆசிரியையாக, செவிலியராக, தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துச் சேர்த்த பெண்கள் உயில் எழுதுவது, ஆண்கள் எழுதுவதைவிடவும் முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவது மனைவி பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்தும் இல்லாமல் நடந்த இரண்டாவது திருமணம் இந்துச் சட்டத்தில் செல்லாது. அந்தப் பெண் வாரிசு ஆகமாட்டார். அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவரைத் தெருவில் நிறுத்தக்கூடாது என்றால், அதற்கும் உயிலோ, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்டோதான் வழி.

எந்த நிலம்?

உயில் உங்களிடம் இருப்பதைத்தான் கைமாற்றும். இல்லாத உரிமையை உண்டாக்காது. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற ஆறு வட்டங்களிலும் நிலத்தின் கதை ஒன்றுபோல இல்லை.

ரயத்துவாரிப் பட்டா நிலம், அதாவது இடையில் யாரும் இல்லாமல் அரசுக்கே நேராக வரி கட்டும் நிலம் என்றால் சிக்கல் குறைவு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், இடையில் இறந்த ஒவ்வொருவரின் வாரிசுகளையும் கணக்கெடுத்த பிறகே உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியும். பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. உரிமையைச் சொல்வது பத்திரமும் வாரிசுச் சங்கிலியும். அண்ணன் பெயரில் மட்டும் பட்டா ஏறிவிட்டது என்பதால் தங்கையின் பங்கு போய்விடாது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜன்ம நிலம், அதாவது ஜன்மி எனப்படும் பரம்பரை நிலவுடைமையாளரின் நிலம். நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த எஸ்டேட்டுகளை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் கொண்டுவரப்பட்ட கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில், 17ஆவது பிரிவில் வரும் நிலம் என்று ஒரு பெரும் பகுதி தீர்வு ஆகாமலே தொங்கியது. அங்கே தலைமுறையாக வீடு கட்டி, காபியும் மிளகும் வைத்து வாழ்பவர்கள் பலரிடம் பட்டா இல்லை. உயிலில் "எனக்குச் சொந்தமான நிலம்" என்று எழுதினால் பிள்ளைகளுக்கு நாளை அதனால் பலன் இருக்காது. "நான் அனுபவித்துவரும் இடத்தில் எனக்கு உள்ள உரிமைகள், அதில் கட்டிய வீடு, வைத்த மரம் செடிகள்" என்று எழுதி, வீட்டு வரி ரசீது, பழைய குத்தகைக் காகிதம், குடும்ப அட்டை என அனுபவத்தைக் காட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பின்னால் அரசு முடிவெடுக்கும் நாளில், தொடர்ச்சியைக் காட்டும் காகிதம் அதுதான்.

வன உரிமைச் சட்டத்தில், அதாவது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்த உரிமைப் பட்டயம், வாரிசுகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ வேறு யாருக்கும் மாற்றவோ முடியாது. மணமானவர்களுக்கு அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் இப்போதே கேட்டுத் திருத்துங்கள்.

தோட்டத்தின் ஒரு மூலையில் சோலை இருந்தால் அது தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு விதமாகக் கைமாற்றவோ கூடாது. உயிருடன் இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்டுக்குத் திட்டமிடுபவர்கள் இதைப் பார்க்காமல் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

எஸ்டேட் லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு வீடு எஸ்டேட்டுடையது. அதை உயில் எழுத முடியாது. எழுத வேண்டியது வேறு: வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு, நகை, வங்கி இருப்பு. அதைப் பின்னால் பார்ப்போம்.

உயிலை எழுதுவது எப்படி?

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், எந்த மொழியிலும் இருக்கலாம். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராக, தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு விதி வேறு. வாய்மொழியாகவும் உயில் சொல்லலாம், ஆனால் வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. சன்னி பிரிவினர் வாரிசு ஒருவருக்கே எழுதினால், மற்ற வாரிசுகள் உயில் எழுதியவர் இறந்த பிறகு சம்மதிக்க வேண்டும். மற்றவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின் நிபந்தனைகள்தான் உயிர்நாடி. உயில் எழுதுபவர் கையெழுத்திட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். டீக்கடையில் இருக்கும் நண்பரிடம் தாளைக் கொடுத்தனுப்பி "சாட்சி போட்டுக் கொடு" என்று வாங்கி வருவதுதான் பெரும்பாலான உயில்கள் தோற்கும் இடம்.

சாட்சிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழக்கு வந்தால் குறைந்தது ஒரு சாட்சி நீதிமன்றத்தில் வந்து "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். 75 வயதுக்காரர் 78 வயதுக்காரரைச் சாட்சியாக வைத்தால் அவர் இருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். உங்களைவிடப் பத்து, இருபது வயது குறைந்தவர், ஊரில் நிலையாக இருப்பவர், சொத்தில் பங்கு பெறாதவர் நல்லது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனை கட்டாயமே: சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், பங்கு பெறும் மகனே சாட்சி போட்டால் சந்தேகம் கேட்காமலே வந்து உட்காரும். இன்னொன்று, கிறிஸ்தவர் உயில் எழுதிவிட்டுப் பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாக ரத்தாகிவிடும். இந்து உயிலுக்கு அப்படி இல்லை.

உள்ளே என்ன எழுதுவது? பெயர், அப்பா பெயர், வயது, முகவரி. "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வரி. வாரிசுகள் யார் யார் என்ற பட்டியல், பங்கு கொடுக்காதவர்களும் உட்பட. யாருக்காவது கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: "மூத்த மகளுக்கு அவர் வீடு கட்டியபோதே கொடுத்துவிட்டேன்" என்பதுபோல. காரணம் இல்லாமல் ஒரு பிள்ளையை விட்ட உயிலை நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். பிறகு சொத்து விவரம். இப்படி:

"நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம், இன்ன கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு எண், பரப்பு ஹெக்டேர் ஏர்ஸில், பத்திரத்தில் உள்ள ஏக்கர் சென்ட்டில், நான்கு எல்லைகள், அதிலுள்ள தேயிலைச் செடிகள், சில்வர் ஓக் மரங்கள், கட்டடம், நடைபாதை, தண்ணீர் உரிமை உட்பட."

பட்டாவில் ஹெக்டேர் ஏர்ஸ், பழைய பத்திரத்தில் ஏக்கர் சென்ட் என்று இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர்ஸ். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் உயில் எழுதும் முன்பே நில அளவையரிடம் சரிபார்க்க வேண்டும். இறந்த பிறகு பிள்ளைகள் அதற்காக அலைவார்கள்.

சரிவான நிலத்தைச் சென்ட் கணக்கில் சமமாகப் பிரிப்பது சமம் ஆகாது. இதைச் சொல்லாமல் நகர முடியாது. மேல் பாதி சாலையை ஒட்டி இருக்கும். கீழ்ப் பாதி ஓடையை ஒட்டி இருக்கும். மேலே இருப்பவருக்கு வண்டி வரும், தண்ணீர் வராது. கீழே இருப்பவருக்குத் தண்ணீர் உண்டு. ஆனால் பறித்த இலையை மூட்டையாகத் தலையில் வைத்து மேலே ஏற்ற வேண்டும், டிசம்பர் ஜனவரியில் பள்ளத்தில் உறைபனி முதலில் கருக்குவது அவருடைய செடியைத்தான். ஒரு பக்கம் பழைய விதைச் செடியும் இன்னொரு பக்கம் புதிதாக நட்ட குளோன் செடியும் இருந்தால் விளைச்சலே வேறு. உயிலில் வழி எது, எத்தனை அடி அகலம், தலைச்சுமை மட்டுமா, ஜீப்பும் போகலாமா, ஊற்றிலிருந்து குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகும், எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் என்று எழுதுங்கள். வரைபடம் ஒன்றைச் சேர்த்து அதிலும் கையெழுத்திடுங்கள். எழுதாவிட்டாலும் வேறு வழியே இல்லாத நிலத்துக்குச் சட்டம் வழி கொடுக்கும். ஆனால் அதை வாங்க அண்ணன் தம்பி நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

இன்னும் மூன்று வரிகள் மறக்காமல் வேண்டும். ஒருவருக்கு எழுதியிருக்கிறீர்கள், அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் யாருக்கு? இதில் சொல்லாத, இனி நான் சேர்க்கும் சொத்துகள் யாருக்கு? உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு? மைனர் பிள்ளைகள் இருந்தால் காப்பாளர் பெயரும் சேர வேண்டும். மைனரின் நிலத்தைக் காப்பாளர் விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கேயும் கையெழுத்து, சாட்சிகளும் சேர்ந்து. உடல்நலம் குன்றியவர், வயது முதிர்ந்தவர் எழுதினால் அன்றே ஒரு மருத்துவரிடம் "சுயநினைவோடு, புரிந்து பேசுகிறார்" என்ற சான்று வாங்கி வைப்பது நல்லது. கைநாட்டு வைப்பவருக்கு, முழுதும் படித்துக் காட்டப்பட்டது என்ற வரியைச் சேர்க்க வேண்டும்.

பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் செய்துவிடுங்கள். பதிவு செய்தால் தொலைந்தாலும் நகல் கிடைக்கும், போலி என்று சொல்வது கடினமாகும். எப்போது எழுதியதையும் எப்போது வேண்டுமானாலும் சார் பதிவாளரிடம் கொண்டுபோகலாம், காலக்கெடு இல்லை. முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவுக் கட்டணம் சொத்து மதிப்புக்கேற்ப ஏறாத நிலையான தொகை. படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே அதிகாரி வந்து பதிவு செய்ய வழி உண்டு. மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது, உங்கள் உயிருள்ளவரை உங்களைத் தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். பதிவு செய்ததால் மாற்ற முடியாது என்று பயப்பட வேண்டாம். பதிவு செய்யாத புதிய உயில்கூடப் பதிவு செய்த பழையதை ரத்து செய்யும். கடைசியாக முறையாக எழுதியதே செல்லும். பிறகு புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வேண்டுமா என்ற பயம். நீலகிரியில் எழுதி நீலகிரி நிலத்தைப் பற்றியே இருக்கும் இந்து, இந்தியக் கிறிஸ்தவர் உயில்களுக்கு அது கட்டாயம் இல்லை.

இப்போதே கொடுத்துவிடலாமா?

தான செட்டில்மென்ட் என்பது இப்போதே கொடுப்பது. பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகள், வாங்குபவர் ஏற்க வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். போகும் முன் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், இவை மாறக்கூடியவை.

எழுதிக்கொடுத்த மறுநாளே தோட்டம் பிள்ளையுடையது. அவர் அடமானம் வைக்கலாம், விற்கலாம். பிறகு மனம் மாறினால் நீங்களாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது. எனவே இரண்டு வரிகள் இல்லாமல் செட்டில்மென்டில் கையெழுத்திடாதீர்கள். ஒன்று, உங்கள் ஆயுள்வரை அனுபவ உரிமை: இலைப் பணம் உங்களுக்கு, வீட்டில் வாசம் உங்களுக்கு, கணவருக்குப் பின் மனைவிக்கும். இரண்டு, உணவு, மருத்துவம், பராமரிப்பு செய்யும் நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு, அந்த நிபந்தனையோடு கொடுத்ததைப் பிள்ளை மீறினால் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம், வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். நிபந்தனையை எழுத்தில் வைக்காதவர்கள், "அன்பினால் கொடுத்தேன், பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்" என்பதை நிரூபிக்கத் தவிக்கிறார்கள். சில தீர்ப்புகள் தாராளமாகப் பார்க்கின்றன, சில கடுமையாகப் பார்க்கின்றன. வயதான காலத்தில் அந்தச் சூதாட்டம் யாருக்கும் வேண்டாம். எங்களைக் கேட்டால், வேறு வருமானம் இல்லாத பெற்றோர் தோட்டத்தை உயிலில் மட்டும் எழுதட்டும்.

நாமினி வாரிசு அல்ல

வங்கியில், கூட்டுறவுச் சங்கத்தில், நிறுவனப் பங்குக் கணக்கில் நாமினி என்று ஒருவர் பெயர் கொடுத்திருப்பீர்கள். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளர் மட்டுமே. பங்குகளில் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. வருங்கால வைப்பு நிதியில் இன்னொரு சிக்கல்: குடும்பம் இல்லாதபோது அண்ணன் பெயரைக் கொடுத்தவர் பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த நியமனம் செல்லாது. எஸ்டேட்டில் இளம் வயதில் சேர்ந்தவர்கள் பலர் அதைப் புதுப்பித்ததே இல்லை. பணிக்கொடைக்கும் தனிப் படிவம் உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்தால் ஐந்து வருடம் முடியவில்லை என்று பணிக்கொடையை மறுக்க முடியாது. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினி வரை கொடுக்கலாம். பச்சை இலை கொடுக்கும் சங்கத்தில் உறுப்பினர் எண் யார் பெயரில், பிறகு யார் பெயரில் என்பதையும் சங்கத்தில் கேட்டு எழுதி வையுங்கள். அது நின்றால் இலைப் பணம் நிற்கும்.

இறப்புக்குப் பிறகு

21 நாளுக்குள் இறப்பைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. பிறகு இ-சேவை மையத்தில் வாரிசு சான்றுக்கு விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வட்டாட்சியர் சான்று. வாரிசு சான்று யார் யார் உறவு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது, உயிலையும் வெல்லாது. நாமினி இல்லாத பெரிய வைப்புத் தொகைக்கு நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள், அது வேறு. பட்டாவை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக முதலில் மாற்றுங்கள், உட்பிரிவை அளவையரோடு பிறகு செய்யலாம்.

இங்கேதான் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து கேட்கப்படுகிறது. வீட்டில் காரியம் நடந்த பதினாறாம் நாளே வெற்று முத்திரைத்தாளை நீட்டுபவர்கள் உண்டு. பங்கை விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் உள்ள வழி பதிவு செய்த விடுதலைப் பத்திரம். வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து நிலத்தை விடுவிக்காது. அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கியதும் செல்லாது. அப்போது அந்த மகளிடம் விட்டுக்கொடுக்க எந்தப் பங்கும் இல்லை. விடுதலைக்குப் பணம் தருவதாகப் பேசினால் பத்திரத்திலேயே அந்தத் தொகையும் வங்கி வழியாகக் கொடுத்த விவரமும் இருக்க வேண்டும். மலையை விட்டுத் திருப்பூர், கோவை என்று போய்விட்ட பெண்கள், படித்துப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். ஒரு நாள் தர மறுக்கும் காகிதத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை.

வழக்கறிஞர் செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு உதகையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி. தொலைபேசியில் 15100.

உயிலை எங்கே வைப்பது? ஜூன் முதல் இந்த மலையில் பெட்டிக்குள்ளும் ஈரம் ஏறும். இரும்புப் பெட்டியில் துணியோடு சுற்றிவைத்த பத்திரம் பூஞ்சை பிடித்து எழுத்து அழிந்துபோகும். பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா பொட்டலத்தோடு, தரையைத் தொடாத அலமாரியில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், மூலத்தைப் பரிசோதிக்க வேண்டிவந்தால் அது தடையாகும். ஒரு நகலை உயிலை நிறைவேற்றுபவரிடம் கொடுங்கள். மூலம் எந்த அலமாரி, சாவி எங்கே என்பதைக் குறைந்தது இரண்டு பேரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.